பிள்ளை விளையாட ஊரும் கைகொடுக்கணும்!

ஸ்கூல் விட்டு வந்ததும் உங்கள் பிள்ளை என்ன செய்கிறது? டியூஷன், டி.வி., அப்புறம் செல்போன்! 'போய் விளையாடேன்டா' என்று நாமும் சொல்லத்தான் செய்கிறோம். எங்கே போவான், யாரோடு விளையாடுவான்?

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எலும்பு உறுதிப்படுகிற வயசு இது. ஆனால் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில், உலக அளவில் 5-ல் 4 பேருக்கு இந்த அளவு ஓட்டம் இல்லை என்று 2019-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. பெண் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். 'வயசுக்கு வந்த பொண்ணுக்கு என்ன ஆட்டம்?' என்று நாமே நிறுத்திவிடுகிறோமே!

கடலூரைப் பாருங்கள். 2004 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்த பெண் பிள்ளைகள் சிலர், பயிற்சியாளர் மாரியப்பனிடம் கால்பந்து கற்றார்கள். அவரிடம் பயின்ற கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடினார். 2018-ல் மணிப்பூரை 2-1 என வென்று, தமிழ்நாடு முதன்முறையாக தேசிய பெண்கள் கால்பந்து சாம்பியன் ஆனபோதும் அணியில் இருந்தார். தனியாக ஒரு பிள்ளை இதைச் சாதிக்க முடியாது. மைதானம், சொல்லித்தர ஒருவர், கூட ஆடத் தோழிகள், 'போய் வாம்மா' என்று அனுப்பும் வீடு... நாலும் சேரணும்.

உங்கள் தெருவில் எப்படி?

* ஐந்தாறு வீட்டுப் பெற்றோர் சேருங்கள். ஆளுக்கொரு நாள் முறை வைத்துப் பிள்ளைகளுக்குத் துணையாகப் போங்கள். பெண்ணைத் தனியே அனுப்பும் பயம் பாதி தீரும்.

* பள்ளித் தலைமையாசிரியரிடம் எல்லோரும் சேர்ந்து போய், மாலை ஒரு மணி நேரம் மைதானத்தைக் கேளுங்கள். பி.டி. பீரியடில் கணக்குப் பாடம் வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

* சிதம்பரத்துக்காரர்களுக்கு ஒரு வசதி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறையே இருக்கிறது. வாரம் 2 நாள் சொல்லித்தர மாணவர்களை அனுப்புவார்களா என்று கேட்டுப் பார்க்கலாமே!

* வெயில் தாழ்ந்த பிறகு ஆடட்டும். தண்ணீர், மோர், கொஞ்சம் சுண்டல் போதும். வீசிங், இதயக் கோளாறு உள்ள பிள்ளை என்றால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

எல்லோரும் சாம்பியன் ஆக வேண்டாம். வியர்த்து விறுவிறுத்து, பசியோடு வீடு திரும்பினாலே போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பேசுங்களேன்!