வேட்பாளரின் பிரமாணப் பத்திரம்: முதல்முறை வாக்காளர் படிக்க வேண்டியது

சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ போட்டியிடும் ஒவ்வொருவரும் வேட்புமனுவோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். தன்மீதுள்ள குற்ற வழக்குகள், தான், கணவன் அல்லது மனைவி, தன்னைச் சார்ந்திருப்போர் ஆகியோரின் சொத்து, கடன், வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம், அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி, கல்வித் தகுதி, தொழில் ஆகியவற்றை அதில் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். சுவரொட்டியில் இருப்பது வேட்பாளர் காட்ட விரும்பும் முகம். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று தெரிந்தே அவர் கையெழுத்திடும் தாள் இது.

இந்த உரிமை எளிதில் கிடைத்ததன்று. வேட்பாளரின் பின்னணியை அறிவது வாக்காளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் தீர்ப்பளித்தது. அதன் வீச்சைக் குறைக்க நாடாளுமன்றம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 33பி என்ற பிரிவைச் சேர்த்தது. 2003 மார்ச்சில் அந்தப் பிரிவு செல்லாது என்று நீதிமன்றம் அறிவித்தது. அதற்கு முன்பே, 61ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்து, 1989இல் நடைமுறைக்கு வந்திருந்தது. ஆகவே இன்று 18 வயதில் முதல் ஓட்டுப் போடுபவருக்கு, 1989இல் அந்த வயதில் ஓட்டுப் போட்டவருக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை என்பதுதான் வருத்தம்.

பத்திரம் தேர்தல் நடத்தும் அலுவலரின் அறிவிப்புப் பலகையிலும் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் வெளியாகிறது. ‘நோ யுவர் கேண்டிடேட்’ செயலியிலும் பார்க்கலாம். வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு தொகுதியின் முக்கிய வேட்பாளர்களைப் பற்றிப் படிக்க அந்த அவகாசம் தாராளம்.

படிக்கும்போது மிகுந்த நிதானம் தேவைப்படுவது வழக்குகள் பகுதியில்தான். எத்தனை வழக்கு என்று எண்ணுவதால் பயனில்லை. எந்தப் பிரிவு என்று பார்க்க வேண்டும். 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 188 ஆகிய பிரிவுகள் இருந்தால், அவை பெரும்பாலும் தடையை மீறிய ஆர்ப்பாட்டம், சாலை மறியல் போன்றவற்றில் போடப்பட்டவை. குடிநீருக்காக மறியல் செய்தவர் மீதும் அவை பாயும். 302 கொலை, 307 கொலை முயற்சி, 420 மோசடி. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததால் கொலைக்கு 103, மோசடிக்கு 318 என எண்கள் மாறிவிட்டன. பத்து மறியல் வழக்குகளை ஒரு மோசடி வழக்கோடு எடைபோட்டு, முன்னதே மோசம் என்று முடிவுகட்டுவது அநியாயம். வழக்கு நிலுவையில் இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. நீதிமன்றம் குற்றச்சாட்டுப் பதிவு செய்திருக்கிறதா, தண்டனை விதித்திருக்கிறதா என்ற விவரங்களும் அதே பத்திரத்தில் இருக்கும்.

கட்சிகளுக்கும் பொறுப்பு உண்டு. குற்ற வழக்குள்ள ஒருவரை ஏன் நிறுத்தினோம், வழக்கில்லாத வேறொருவரை ஏன் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்பதைக் கட்சி வெளியிட வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வெற்றி வாய்ப்பு மட்டுமே காரணமாகாது என்றும் கூறியது. கட்சி தரும் விளக்கத்தைப் படித்தால் அதன் தரம் புரியும்.

சொத்துப் பகுதியைத் தனியாகப் பார்ப்பதைவிட, அதே நபர் முந்தைய தேர்தலில் கொடுத்த பத்திரத்தோடு ஒப்பிடுவது மேல். சொத்து பெருகியிருப்பதே தவறாகாது. நில மதிப்பு ஏறியிருக்கலாம். அறிவித்த வருமானத்துக்குப் பொருந்தாத பெருக்கம் இருந்தால்தான் கேள்வி எழுப்ப வேண்டும். ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால் அவையில் கேட்ட கேள்விகள், தொகுதி மேம்பாட்டு நிதியைச் செலவிட்ட விதம் ஆகியவையும் சேரும். நிதி விவரம் கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டுக் கேட்கலாம்.

இவற்றைப் படிக்காத வாக்காளரை எளிதில் வளைக்கும் சக்திகள் இரண்டு. ஒன்று, வாட்ஸ்ஆப்பில் வரும் வெட்டி ஒட்டிய வீடியோ. யார் எங்கே எப்போது பேசியது என்று தெரியாத எதையும் பகிராமல் விடுவதே பாதுகாப்பு. மற்றொன்று, ஓட்டுக்குப் பணம். பண விநியோகப் புகார்களால் 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், பெருமளவு பணம் பிடிபட்டதால் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தாயின. கொடுப்பவருக்கு மட்டுமின்றி வாங்குபவருக்கும் ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். பணம் விநியோகிக்கப்படுவதைக் கண்டால் ‘சி-விஜில்’ செயலியில் படத்தோடு புகார் அனுப்பலாம்; 1950 என்ற எண்ணையும் அழைக்கலாம். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதை வெளியிடும்படி யாரும் ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. மிரட்டலுக்கு அஞ்சும் இளைஞர்கள் இதை அறிந்திருப்பது அவசியம்.

பத்திரத்தில் பொய் சொன்னாலோ உண்மையை மறைத்தாலோ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதைவிடக் கடுமையான விளைவும் உண்டு. கோவை மாவட்டம் தேக்கம்பட்டி ஊராட்சித் தலைவராக 2006இல் வென்ற ஒருவர், தன்மீதிருந்த வழக்குகள் சிலவற்றை மறைத்தது தேர்தல் முறைகேடே என்று உச்ச நீதிமன்றம் 2015 பிப்ரவரியில் கூறி, அவர் வெற்றி செல்லாது என்பதை உறுதிசெய்தது. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் முடிவு அறிவிக்கப்பட்ட 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடுக்கலாம். தோற்ற வேட்பாளர்தான் தொடுக்க வேண்டும் என்பதில்லை. அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும், அந்த ஆண்டுதான் முதல் ஓட்டுப் போட்டவர் உட்பட, தொடுக்கலாம்.