வைட்டமின்தானே, என்ன செய்துவிடும்?

முகப்பருவுக்காகப் பிள்ளைகள் விழுங்கும் 'ஏ' மாத்திரை, டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்தைவிட எந்த விதத்திலும் சாது அல்ல.

கழக்கூட்டத்தில் கண்ணாடி முன் நேரம் போக்கும் வயதுப் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. 1962இல் தொடங்கிய சைனிக் பள்ளி, பக்கத்தில் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழக வளாகம், 1990இல் உருவான டெக்னோபார்க்கை நம்பி முளைத்த விடுதிகள், ஜிம்கள். பதினாறு வயதில் முளைக்கும் பரு, இருபத்து மூன்று வயதில் கணினி முன் உட்கார்ந்த பிறகும் சிலருக்கு விடுவதில்லை. டாக்டரிடம் போக வெட்கம். மருந்துக் கடைக்குப் போக வெட்கமில்லை. நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் களிம்போடு சேர்த்து ஒரு வைட்டமின் பட்டையும் கைக்கு வந்துவிடும். வீட்டில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "வைட்டமின்தானே, உடம்புக்கு நல்லதுதான்."

இந்த நம்பிக்கைக்கு இந்த மண்ணில் ஒரு சரித்திரம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த காட் மீன் எண்ணெய் நின்றுபோனபோது, திருவிதாங்கூர் அரசு சுறா மீனின் ஈரலிலிருந்து எண்ணெய் எடுக்க ஆரம்பித்தது. சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் அதையே செய்தது. சுறா ஈரலில் வைட்டமின் 'ஏ' கொட்டிக் கிடக்கிறது. மாலைக்கண் வந்த குழந்தைகளுக்கு அது வரப்பிரசாதமாக இருந்தது. மீனெண்ணெய்க் குளிகை மலையாள வீடுகளில் பாட்டி வைத்தியத்துக்குச் சமமான அந்தஸ்து பெற்றது அப்படித்தான்.

அரசாங்கமே கொடுக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. பார்வை இழப்பைத் தடுக்க 1970இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில், ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு 2 லட்சம் யூனிட் வைட்டமின் 'ஏ' கொடுக்கப்படுகிறது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான். நாள் கணக்கில் பிரித்தால் சுமார் 1,100 யூனிட். பருவுக்காக ஒரு பையன் தினமும் 25,000 யூனிட் மாத்திரை விழுங்கினால், ஒரே மாதத்தில் 7.5 லட்சம்.

'சி'யும் 'பி' வகைகளும் தண்ணீரில் கரைபவை; மிஞ்சியதில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். 'ஏ' கொழுப்பில் கரைவது. ஈரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை உள்ளடக்கிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட அளவுகளின்படி, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்குத் தேவை 1,000 மைக்ரோகிராம். தாண்டக் கூடாத எல்லை 3,000, அதாவது ஏறக்குறைய 10,000 யூனிட். எல்லையை மாதக்கணக்கில் தாண்டினால் முதலில் உதடு வெடிக்கும், தோல் வறளும், முடி கொட்டும். பிறகு எலும்பு வலி, தலைவலி, வாந்தி. ஈரலும் கெடலாம். தோல் வறள்வதைப் பார்த்து 'மருந்து வேலை செய்கிறது' என்று பையன் சந்தோஷப்படுவதுதான் கொடுமை.

ஒரு வகையில் அவன் நினைப்பதும் தப்பில்லை. அமெரிக்காவில் 1943இலேயே டாக்டர் ஸ்ட்ராம்ஃபோர்டு, பரு நோயாளிகளுக்குத் தினம் 1 லட்சம் யூனிட் கொடுத்துப் பலன் கண்டதாக எழுதினார். 1981இல் தோல் நிபுணர் ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர், பலன் கிடைக்கப் பெண்களுக்கு 3 லட்சமும் ஆண்களுக்கு 4 முதல் 5 லட்சமும் வேண்டும் என்றார்கள். தினமும்! பருவைத் துரத்தும் அளவும் உடம்பை நஞ்சாக்கும் அளவும் ஒன்றுதான் என்பது இதன் பொருள். குறைந்த அளவு பருவுக்குப் பயன்படாது. பயன்படும் அளவு உடம்புக்கு ஆகாது.

அதனால்தான் ஆராய்ச்சி வேறு திசையில் போனது. 'ஏ'யின் நெருங்கிய உறவுக்காரனான ஐசோட்ரெட்டினாயின் 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கடுமையான பருவுக்கு இன்றைக்கும் இதற்கு நிகர் இல்லை. ஆனால் கர்ப்பிணி விழுங்கினால் சிசுவின் முகம், இதயம், மூளை ஊனமாகும். எனவே அங்கே 2006 முதல் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளாமல் பெண்களுக்கு அது கிடைப்பதில்லை. இந்தியாவிலும் டாக்டர் சீட்டு வேண்டும். ஈரல், கொழுப்பு அளவுகளை ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்வார்கள்.

'வைட்டமின்' என்று பெயர் வைத்துக்கொண்ட அண்ணனுக்கோ இத்தனை கெடுபிடி இல்லை. குணம் மட்டும் அதேதான். தினம் 10,000 யூனிட்டுக்கு மேல் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைகள் அதிகம் என்று 1995இல் ஓர் அமெரிக்க ஆய்வு எச்சரித்தது. ஐசோட்ரெட்டினாயினை நிறுத்தி ஒரு மாதம் கழித்துக் கர்ப்பம் தரிக்கலாம் என்பது வழக்கமான கணக்கு. ஈரலில் சேர்ந்துவிட்ட 'ஏ' கரையப் பல மாதங்கள் ஆகும். கல்யாணத்துக்கு முன் முகம் தெளிய வேண்டும் என்று மாத்திரை தேடும் பெண்களுக்கு இதைச் சொல்வார் யார்?

இன்னொரு ஆபத்து, இரண்டு கைகளிலிருந்து வருவது. பருவுக்கு டாக்டர்கள் அடிக்கடி எழுதும் டாக்ஸிசைக்ளினோடு வைட்டமின் 'ஏ' சேர்ந்தால் மண்டைக்குள் அழுத்தம் ஏறலாம். தலைவலியில் ஆரம்பித்துப் பார்வை மங்கும்வரை போகலாம். டாக்டருக்குத் தன் மருந்து தெரியும். வீட்டு அலமாரியில் இருப்பது தெரியாது.

மற்ற வைட்டமின்கள்? பி12 அதிகமானால் சிலருக்குப் பரு வெடிக்கும். முகத்துக் கிருமியின் செயல்பாட்டையே அது மாற்றுவதாக 2015இல் கலிஃபோர்னியா விஞ்ஞானிகள் காட்டினார்கள். ஜிம்மில் புரோட்டீன் பவுடரையும் பி12ஐயும் சேர்த்து அடிக்கும் பையன், பருவுக்கு வேறெங்கும் காரணம் தேட வேண்டியதில்லை. துத்தநாகத்துக்குக் கொஞ்சம் மரியாதை தரலாம். 1977இல் ஸ்வீடனில் துத்தநாகத்தையும் 'ஏ'யையும் ஒப்பிட்டபோது, பலன் துத்தநாகத்தால்தான் வந்தது. கூட 'ஏ' சேர்த்ததால் ஒரு லாபமும் இல்லை. ஆனால் அதுவும் மாதக்கணக்கில் அளவு மீறினால், உடம்பில் தாமிரம் குறைந்து ரத்தசோகை வரும்.

காரட், பப்பாளி, முருங்கைக் கீரைக்கு இந்தப் பயம் வேண்டாம். அவற்றிலுள்ள கரோட்டினை உடம்பு தேவையான அளவுதான் 'ஏ'யாக மாற்றிக்கொள்ளும். மிஞ்சினால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான்.

சாதாரணப் பருவுக்குப் பென்சாயில் பெராக்ஸைடும் அடாபலீனும் போதும். அடாபலீனும் 'ஏ' பரம்பரைதான், ஆனால் தோலோடு நின்றுவிடுவது. கர்ப்ப காலத்தில் மட்டும் அதையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். அந்தப் பொறுமை இல்லாமல்தான் பிள்ளைகள் மாத்திரைக்குத் தாவுகிறார்கள். கடைசியில் தோல் டாக்டர் முன் உட்காரும்போது, "வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா?" என்றால் "இல்லை" என்று பதில் வரும். பொய் சொல்லும் எண்ணமில்லை. வைட்டமினை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. போகும்போது அந்தப் பட்டையையும் டப்பாவையும் பையில் போட்டு அனுப்புங்கள். யூனிட் எத்தனை என்று அவர் பார்த்துக்கொள்வார்.