ரேக் சாயுமா என்பதே கேள்வி

ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் சிறு தொழிற்கூடம் ஒன்றின் உரிமையாளர், ஆறு மீட்டர் உயர இரும்பு ரேக்குகளை நிறுவும் முன் என்னிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டார்: "நிலம் ஆடினால் இவை சாயுமா, சார்?"

கட்டமைப்புப் பொறியாளனாகிய நான் 'ஓப்பன்குவேக்' மென்பொருளைத் திறந்தேன். இத்தாலியின் பாவியா நகரிலிருந்து இயங்கும் உலக நிலநடுக்க மாதிரி அறக்கட்டளை உருவாக்கியது அது. இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால், அதிர்வு மூலங்களின் மாதிரி, தொலைவுக்கேற்ப அதிர்வு தணியும் சமன்பாடுகள், அவற்றுக்கான தர்க்க மரம் என அது கேட்ட எதையும் அவரால் தந்திருக்க இயலாது. எனக்கே பல நாள்கள் பிடித்தன. கிடைத்த விடை, '475 ஆண்டு மீள்கால' நில முடுக்கம். அவர் சிரித்துவிட்டார்: "அதுவரை நான் இருக்க மாட்டேனே!"

அவர் மீது பிழையில்லை. 475 ஆண்டு என்பது, கட்டடத்தின் 50 ஆண்டு ஆயுளுக்குள் அத்தகைய அதிர்வோ அதைவிட வலியதோ நேர்வதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதன் மறுபெயர். இப்படிச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. தீக்காப்பீட்டுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டுபவர் அவர்.

2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் எழுந்த நிலநடுக்கம் சென்னை வரை உணரப்பட்டது. மறு ஆண்டு வெளியான இந்தியத் தர விதிநூல் ஐ.எஸ். 1893, சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. காஞ்சிபுரமும் மூன்றாம் மண்டலமே. ஆனால், மண்டல வரைபடம் வட்டாரம் முழுமைக்கும் ஒரே எண்ணைத்தான் தரும். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தின் நிலமோ ஒரே சீரானதன்று. ஓரிடத்தில் பழம்பாறைப் படிவு. சற்றுத் தள்ளி ஏரிக்கரையோரக் களிமண். மெல்ல அசையும் உயரமான அமைப்புகளுக்கு, கடும்பாறையைவிட இளகிய மண்ணில் 67 விழுக்காடு கூடுதல் விசையைக் கணக்கிடச் சொல்கிறது விதிநூலின் 2016 பதிப்பு. சுமையேற்றிய உயர ரேக்குகளும் பெரும்பாலும் மெல்லத்தான் அசையும்.

ஆகவே, மென்பொருள் முதலில் கேட்க வேண்டியது தர்க்க மரத்தையன்று. இடம் எது, மண் பரிசோதனை அறிக்கை உண்டா, ரேக்கின் உயரமும் சுமையும் எவ்வளவு, அடித்தகடு தரையில் போல்ட் செய்யப்பட்டுள்ளதா? இவற்றுக்குக் கூடத்தின் மேற்பார்வையாளரே விடையளிப்பார். மற்றவற்றை நிபுணர்கள் முன்கூட்டியே நிரப்பி வைக்கலாம். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் 'பேஜர்' அமைப்பு, நிலநடுக்கம் நேர்ந்ததும் பாதிப்பின் அளவைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறத்தால் உணர்த்துகிறது. அதன் பின்னுள்ள கணக்கு எளிதன்று, விடை எளிது.

எளிமைப்படுத்தினால் அரைகுறை அறிவோடு தவறான துணிச்சல் வந்துவிடும் என்று சக பொறியாளர்கள் எச்சரிக்கிறார்கள். அந்த அச்சம் எனக்கும் உண்டு. மண் விவரம் தெரியாதபோது மென்பொருள் ஊகித்துக்கொண்டு பச்சை காட்டக் கூடாது; "மண்ணைச் சோதித்துவிட்டு வாருங்கள்" என்று நின்றுவிட வேண்டும்.

வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. அத்தகைய பெருங்கட்டுமானங்களுக்கு நிபுணர் குழுக்கள் உண்டு. சுற்றிலும் உள்ள சிறு கூடங்களுக்கும், தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடப்படும் மாடி வீடுகளுக்கும் யார் இருக்கிறார்கள்?

அந்த உரிமையாளர் மண்ணைச் சோதிக்கக் கொடுத்திருக்கிறார். அறிக்கை வரும்வரை கனமான பெட்டிகளைக் கீழ்த்தட்டுக்கு இறக்கச் சொல்லியிருக்கிறேன்.