மிக்ஸியின் அடியில் ஒரு சிவப்பு பட்டன்… தெரியுமா?

சட்னி பாதி அரைபட்டுக்கொண்டிருக்கும்போது மிக்ஸி சட்டென்று நின்றுவிட்டதா? ‘மோட்டார் போச்சு’ என்று பதறி ரிப்பேர் கடைக்கு ஓடாதீர்கள்! பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். பெரும்பாலான மிக்ஸிகளின் அடியில் சின்னதாக ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். ஜாரில் அளவுக்கு மீறித் திணித்தால் மோட்டார் அதிக மின்சாரத்தை இழுக்கும். அது கருகிப் போகாமல் காப்பாற்ற அந்தப் பட்டன் தானாகவே துள்ளி, மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது! சில நிமிடம் ஆறவிட்டு, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, பட்டனை அழுத்துங்கள். சட்னி ரெடி! கருகல் வாசனை வந்திருந்தால் மட்டும் கடைக்குக் கொண்டுபோங்கள்.

ஊருக்குப் போய்த் திரும்பினால் பாத்ரூமில் சாக்கடை நாற்றம் குமட்டுகிறதா? பிளம்பர் வேண்டாம், ஒரு வாளித் தண்ணீர் போதும்! தரையில் தண்ணீர் போகும் துளைக்குக் கீழே, எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும்படி ஓர் அமைப்பு இருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் கதவு! சாக்கடை வாயு அதைத் தாண்டி மேலே வராது. 1775-இல் லண்டனில் கடிகாரங்கள் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங், கழிப்பறைக் குழாயை ‘எஸ்’ எழுத்துபோல வளைத்துக் காப்புரிமை வாங்கினார். இன்று உங்கள் வாஷ்பேசினுக்குக் கீழே வளைந்து நிற்கும் குழாயிலும் அதே யோசனைதான்! யாரும் புழங்காத பாத்ரூமில் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும், கதவு திறந்துகொள்ளும். அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது, துளையில் ஒரு மக் தண்ணீர் விட்டு, மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெய் மிதந்து மூடிக்கொள்ளும், தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் வற்றாது!

வெள்ளைச் சட்டையில் சாம்பார் கறையா? சோப்பு போட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாக மாறுகிறதே என்று அலறவே வேண்டாம். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதல்லவா, அதே வேதியியல்தான்! சோப்பும் சுண்ணாம்பும் காரம். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் நிறம் மாறும். இந்தக் குர்குமினுக்கு ஒரு பரம எதிரி உண்டு, வெயில்! நன்றாக அலசி, கறை படிந்த பக்கம் மேலே தெரியும்படி மொட்டை மாடியில் காயப்போடுங்கள். சூரிய ஒளி அந்த நிறத்தைச் சிதைத்துவிடும். காசே செலவில்லாத இந்த வைத்தியத்துக்கு நிகராக எதையும் சொல்ல மாட்டேன்.

எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டனவா? தட்டி நெளிக்காதீர்கள்! உள் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி, வெளி டம்ளரை வெந்நீரில் வையுங்கள். உள்ளே இருப்பது சுருங்கும், வெளியே இருப்பது விரியும், தானே கழன்றுவிடும்!

ஐந்தில் வைத்தாலும் மின்விசிறி சோம்பலாகச் சுற்றுகிறதா? பல வீடுகளில் குற்றவாளி, கெப்பாசிட்டர் என்னும் விரலளவுப் பொருள்தான். அதை மாற்றினாலே காற்று பழையபடி வீசும், புது ஃபேன் வாங்கவே தேவையில்லை! ஆனால் ஸ்விட்சை அணைத்த பிறகும் ஷாக் அடிக்கும் அளவுக்கு அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். எலக்ட்ரீஷியனையே மாற்றச் சொல்லுங்கள்.

கேஸ் அடுப்பின் தீ மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடிக்கிறதா? பர்னர் துளைகளில் அடைப்பு இருக்கலாம். ஆறிய பர்னரைக் கழற்றி ஊசியால் குத்தி, கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். நீலத் தீ திரும்பிவிடும்!

போர் தண்ணீரால் குழாய் நூலாக ஒழுகுகிறதா? வாயில் இருக்கும் சல்லடையைத் திருகிக் கழற்றி, ஓர் இரவு வினிகரில் ஊறப்போடுங்கள். குமிழ் குமிழாகப் பொங்கி உப்பு கரைந்துவிடும்!

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கறை சீக்கிரம் போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரோடு வினிகரையோ பாத்ரூம் ஆசிட்டையோ ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து கிளம்புவது குளோரின். 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் படைவீரர்களைக் கொல்லத் திறந்துவிட்ட அதே வாயு!