கைத்தையலுக்கு என்ன விலை?

சித்திரை பிறந்ததும் காசிமேட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டுக் கிடக்கும் காட்சியை வடசென்னை வாசகர்கள் நன்கு அறிவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். மீனினம் பெருகுவதற்கென அரசு செய்துள்ள நல்ல ஏற்பாடுதான் அது. ஆயினும் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் படகு வருமானத்தையே நம்பி வாழும் இல்லங்களுக்கு அந்த இரண்டு மாதங்களும் சோதனைக் காலமே. அந்நாள்களில் அடகுக்கடைக்குப் போகும் நகைகள் எத்தனை என்பதை இல்லத்தரசிகளே சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு தடைக்காலத்தில் நம் பங்கின் தாய்மார் சிலர் ஊசியும் நூலும் கையில் எடுத்தனர். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுப் பக்கத்துத் தையற்கடைகளில் எஞ்சும் வெட்டுத்துணிகளை வாங்கி வந்தனர். அவற்றைச் சதுரமும் முக்கோணமுமாக இணைத்து, உள்ளே பழம்புடவையை மடித்து வைத்து, குழந்தைகளுக்கான போர்வைகள் தைத்தனர். ஜூன் 29, புனித இராயப்பர் திருவிழாவன்று பூசைக்குப்பின் கோவில் வளாகத்தில் மேசை போட்டு அவற்றை விற்பனைக்கு வைத்தனர்.

ஒரு தாய் தம் போர்வைக்கு 900 ரூபாய் என்று எழுதியிருந்தார். “என்னம்மா இது, கடையிலே 400 ரூபாய்க்குப் புதுப் போர்வையே கிடைக்கிறதே!” என்றார் வாங்க வந்த அன்பர். பேரம் நீண்டது. அருகில் நின்ற நாம், சமாதானம் செய்து வைப்பதாக எண்ணிக்கொண்டு, “திருவிழா நாளாயிற்றே, 500 ரூபாய்க்குக் கொடுத்துவிடுங்களேன் அம்மா” என்றோம். “சரிங்க ஃபாதர்” என்று சொல்லி, அவர் போர்வையை மடித்துக் கொடுத்தார்.

மறுநாள் அவரிடமே கேட்டுக் கணக்குப் பார்த்தோம். துணிக்கும் நூலுக்கும் 180 ரூபாய் செலவு. மிஞ்சியது 320 ரூபாய். தைத்த நேரமோ ஏறத்தாழ 40 மணி. அதாவது, ஒரு மணி நேர உழைப்புக்கு 8 ரூபாய்! துணிக்கடைக்காரரும் நூல் விற்றவரும் தம் பணத்தை முழுமையாகப் பெற்றுக்கொண்டனர். பேரத்தில் வெட்டுண்டது அந்தத் தாயின் கூலி மட்டுமே. வெட்டியவர்களுள் நாமும் ஒருவர். அந்த 8 ரூபாயே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஆமிஷ் மக்களின் போர்வை

ஒட்டுத்துணிப் போர்வை என்றதும் உலகில் பலருக்கும் நினைவுக்கு வருவோர் அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள். 1693-இல் யாக்கோபு அம்மான் என்பவரைப் பின்பற்றித் தனிக் குழுவான கிறிஸ்தவர்கள் இவர்கள். ஐரோப்பாவில் துன்புறுத்தப்பட்டு, 18-ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறத் தொடங்கினர். இன்று ஏறத்தாழ 4 லட்சம் பேர் உள்ளனர். சொந்தமாக மோட்டார் கார் வைத்துக்கொள்ளாமல் குதிரை வண்டியில் செல்கின்றனர். பெரும்பாலோர் பொது மின்கம்பியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுப்பதில்லை.

இவர்களுடைய போர்வை மூன்று அடுக்குகள் கொண்டது. மேலே வண்ணத் துண்டுகள், நடுவே பஞ்சு, கீழே ஒரே துணி. மூன்றையும் மரச்சட்டத்தில் விரித்துக் கட்டி, பெண்கள் சுற்றி அமர்ந்து கைத்தையல் போடுவர். பெரிய போர்வை ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் பிடிக்கும். 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்கப் போர்வைகளைச் சித்திரங்களைப்போலச் சுவரில் தொங்கவிட்டுக் கண்காட்சி நடத்தியது. அதன்பின் வணிகர்கள் ஆமிஷ் கிராமங்களுக்குப் படையெடுத்தனர். பாட்டியின் பெட்டியில் கிடந்த பழைய போர்வைகள் நகரத்தில் பன்மடங்கு விலைக்குப் போயின.

அதைக் கண்ட ஆமிஷ் பெண்கள் பலர் தாங்களே விற்பனைக்கெனத் தைக்கலாயினர். வீட்டோடு சேர்ந்த சிறு கடைகள் திறந்தனர். வாயிலில் தொங்கும் பலகையில் ‘ஞாயிறு விற்பனை இல்லை’ என்று எழுதியிருப்பர். கைத்தையற் போர்வை ஒன்று இன்று ஆயிரம் டாலருக்கும் மேல் விலை பெறுகிறது. வாங்குவோரும் மறுப்பதில்லை.

ஆயினும் அங்கும் ஒரு குறை உண்டு. 1980-களிலிருந்து, லாவோஸ் நாட்டுப் போரினால் அகதிகளாக வந்த மாங் இனப் பெண்கள் பலர் இக்கடைகளுக்காகத் தைத்தனர். போர்வை ஆமிஷ் பெயரில் விற்பனையாயிற்று. தைத்த கைகள் யாருடையவை என்பது வாங்கியோர் பலருக்குத் தெரியாது.

மலைக்காட்டில் ஒரு சிலுவை

இனி நம் நாட்டுக்கு வருவோம். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டக் காடுகளில் சித்தி எனும் மக்கள் வாழ்கின்றனர். போர்த்துக்கீசியர் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தோர் இவர்களுள் பலர். இந்துக்கள், இசுலாமியர், கத்தோலிக்கர் என மூவகைச் சமயத்தாரும் இவர்களிடையே உள்ளனர். பழைய துணிகளைக் கொண்டு இவர்கள் தைக்கும் போர்வைக்குக் ‘கவந்தி’ என்று பெயர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவர். நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்து ‘பூ’ வைக்க வேண்டும். பூ இல்லாத கவந்தி ஆடையில்லாத மேனியைப் போன்றது என்பது அவர்கள் எண்ணம். கத்தோலிக்கத் தாய்மார் சிலர் நடுவே சிலுவை வடிவங்களையும் வைத்துத் தைக்கின்றனர்.

2004-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி டிரூவல் துணைநிற்க, சித்திப் பெண்கள் ஒரு கூட்டுறவு அமைத்தனர். 2011-இல் அவர்களுடைய கவந்திகள் நியூயார்க் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டன. கந்தல் என நாம் ஒதுக்கும் துணி அங்கே கலையாக மதிக்கப்பட்டது.

நம் தென்கோடிக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த இலண்டன் மிஷன் குரு சார்லஸ் மால்ட்டின் துணைவியார் மார்த்தா, அங்கிருந்த சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அடிமைத்தனம் நிலவிய காலம் அது. அடிமைகளாயிருந்த சிறுமியர் சிலர் தம் பின்னல் வருமானத்தைக் கொண்டே தம் விடுதலையை விலைக்கு வாங்கினர். கைவேலையின் கூலி எத்தகைய ஆற்றல் உடையது, பாருங்கள்!

கூலி சரியில்லாவிட்டால் அதே கைவேலை சுமையாகிவிடுகிறது. ஆந்திராவின் நரசாபுரத்தில் லேஸ் பின்னும் பெண்களைப்பற்றி மரியா மீஸ் எனும் ஜெர்மானிய ஆய்வாளர் 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வேலை ‘வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வது’ என்றே கருதப்பட்டது. அப்பெயரைச் சொல்லியே கூலி குறைக்கப்பட்டது. இலாபம் வணிகர் கைக்குப் போயிற்று. நம் தாய்மாரைப்பற்றியும் நாம் அப்படித்தானே பேசுகிறோம்?

சம்மதம் மட்டும் போதுமா?

“அவரே சம்மதித்துத்தானே கொடுத்தார்?” என்று சிலர் கேட்கலாம். 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளரைப்பற்றி வெளியிட்ட சுற்றுமடல் இதற்கு விடை தருகிறது. இருவரும் ஒப்புக்கொண்டாலும், தேவையின் நெருக்கடியால் ஒருவர் குறைந்த கூலிக்கு இணங்கினால், அங்கே அநீதி நிகழ்கிறது என்பது அதன் கருத்து. அன்று அந்தத் தாய் சொன்ன “சரிங்க ஃபாதர்” தடைக்காலத்துக் கடனின் குரல் என்பதை நாம் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம்.

நாம் செய்த தவற்றை எண்ணி, குறைந்த 400 ரூபாயை அவரிடம் கொடுக்கப் போனோம். அவர் வாங்கவில்லை. “தர்மமா வேணாம் ஃபாதர். இன்னொரு போர்வை வாங்கிக்குங்க” என்றார். 900 ரூபாய் கொடுத்து வாங்கினோம். அந்தப் போர்வை இன்றும் நம் கட்டிலில் இருக்கிறது.

மறு ஆண்டு முதல் ஒவ்வொரு போர்வையிலும் ஒரு சீட்டுக் கட்டப்படுகிறது. தைத்தவர் பெயர், தைத்த மணி நேரம், பொருட்செலவு, விலை ஆகிய நான்கும் அதில் இருக்கும். இதனால் விற்பனை பெருகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. முதல் ஆண்டில் 11 போர்வைகளுள் 4 மட்டுமே விலை போயின. ஆனால் அந்த நால்வரும் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. ஒருவர் சீட்டைப் படித்துவிட்டு, தைத்தவரைத் தேடிச்சென்று வணக்கம் கூறினார்.

அன்புள்ள குடும்பத்தாரே, உங்கள் பங்கிலும் திருவிழாக் காலத்தில் இப்படி ஒரு மேசை இருக்கும். கூடையோ, மெழுகுவர்த்தியோ, செபமாலையோ, எதுவாயினும் விலையைக் கேட்குமுன் எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேளுங்கள். உங்கள் வருவாய்க்கு அந்த விலை மிகுதியானால், பாராட்டிவிட்டு வைத்துவிடுங்கள், அதில் குற்றமில்லை. வாங்குவதாயின் எழுதிய விலையைக் கொடுங்கள். விற்கும் தாய்மார்களே, நீங்களும் உங்கள் உழைப்பு நேரத்தை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பேரம் பேச வருபவர் பங்குக்குருவே ஆயினும், அந்தத் தாளை அவரிடம் நீட்டுங்கள்.