விலைச்சீட்டை மாற்றினால் திருட்டா, மோசடியா?

ஒரு துணிக்கடை. ஒருவர் 1,400 ரூபாய் சட்டையைப் பைக்குள் செருகிக்கொண்டு வெளியே நடக்கிறார். இன்னொருவர் 600 ரூபாய் சட்டையின் விலைச்சீட்டைக் கழற்றி, 1,400 ரூபாய் சட்டையில் மாட்டி, வரிசையில் நின்று பில் போட்டு, 600 ரூபாயைக் கட்டிவிட்டுப் போகிறார். யார் செய்தது பெரிய குற்றம் என்று கேட்டால், பெரும்பாலானோர் முன்னவரைத்தான் காட்டுவார்கள். பின்னவர் கொஞ்சமாவது பணம் கொடுத்தாரே! ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவைப் புரட்டினால், பணம் கட்டியவர்தான் கூடுதல் சிக்கலில் இருக்கிறார்.

சாதாரணத் திருட்டுக்குப் பிரிவு 303. மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டம் இதில் ஒரு சலுகையைச் சேர்த்தது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் முறையாகத் தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், தண்டனை சமூக சேவை. ஊதியமில்லாமல், ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையை நீதிமன்றம் செய்யச் சொல்லும். இந்த வகைத் திருட்டில் பிணை உரிமையாகவே கிடைக்கும். நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல்துறை புலனாய்வு செய்யவோ, பிடியாணையின்றிக் கைது செய்யவோ முடியாது.

விலைச்சீட்டை மாற்றியவரின் கதை வேறு. அவர் பில் போடும் ஊழியரை நம்பவைத்து, கடையின் கையாலேயே பொருளை வாங்கிக்கொண்டார். இது பிரிவு 318(4): ஏமாற்றி, அதன் மூலம் பொருளைக் கொடுக்கச் செய்வது. கேலிப் பேச்சில் '420' என்கிறோமே, அதே குற்றம்தான், எண் மட்டும் மாறியிருக்கிறது. ஏழாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 5,000 ரூபாய்ச் சலுகை இங்கே கிடையாது. காவல்துறை நேரடியாக வழக்குப் பதியலாம். பிணை தருவது நீதிமன்றத்தின் விருப்பம்.

ஏழாண்டு என்பது உச்சவரம்புதான். ஒரு சட்டைக்காக யாரும் ஏழாண்டு உள்ளே இருக்கப்போவதில்லை. உடனே கைது என்றும் அர்த்தமில்லை. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில், கைது அவசியமில்லாதபோது நேரில் வரச் சொல்லி அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பதே நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவு. இருந்தாலும் பையில் ஒளித்தவருக்குச் சமூக சேவையும், பாதிப் பணம் கட்டியவருக்கு 420-உம் என்பது சட்டம் எழுதியவர்கள் யோசித்துச் செய்த ஏற்பாடாக எனக்குத் தெரியவில்லை. ஒரு பிரிவில் சலுகையைச் சேர்த்தவர்கள், பக்கத்துப் பிரிவை மறந்துவிட்டார்கள். முன்னவரும் முழுக்கத் தப்பினார் என்று சொல்ல முடியாது. பொருள்களை வைத்துக் காக்கும் கட்டடத்தில் நடந்த திருட்டு என்று 305-ஐப் போட்டால், அதற்கும் ஏழாண்டுதான்.

சரி, பில் போடுவதற்கு முன்பே பிடிபட்டால்? குற்றம் அலமாரிப் பக்கத்திலேயே முடிந்துவிட்டதா, கவுண்டரில்தான் முடிகிறதா? இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக அன்று இருந்த பிரபுக்கள் சபை 1983-இல் இதைத்தான் உட்கார்ந்து ஆராய்ந்தது. சட்ட மாணவர்கள் மோரிஸ் வழக்கு என்று படிப்பது இது. சூப்பர் மார்க்கெட்டில் விலைச்சீட்டை மாற்றிய இருவரின் மேல்முறையீடுகள் சேர்த்து விசாரிக்கப்பட்டன. ஒருவர் குறைந்த விலையைக் கட்டிய பிறகு பிடிபட்டார். மற்றவர் பன்றி இறைச்சித் துண்டு ஒன்றின் சீட்டை விலை கூடிய துண்டில் ஒட்டி, பணம் கொடுக்கும் முன்பே மாட்டிக்கொண்டார். இருவர் செய்ததும் திருட்டே என்றது தீர்ப்பு. அந்த நாட்டுச் சட்டப்படி, உரிமையாளருக்குரிய உரிமைகளில் ஏதாவது ஒன்றை நேர்மையற்ற நோக்கத்தோடு கையிலெடுத்தாலே போதும். விலை குறிப்பது கடைக்காரரின் உரிமை.

தீர்ப்பெழுதிய ரோஸ்கில் பிரபு, கடையைக் குழப்புவதற்காகச் சீட்டுகளை மாற்றிவைக்கும் விளையாட்டுப் பிள்ளையைத் தனியாகப் பிரித்தார். சீட்டை மாற்றுவது மட்டுமே, உரிமையாளரின் உரிமையைக் கையிலெடுக்கும் அபகரிப்பு ஆகாது என்பது அவர் கருத்து. 1992-இல் வந்த கோமெஸ் தீர்ப்பு அந்தக் கோட்டையும் அழித்தது. சீட்டில் கை வைத்தாலே உரிமையாளரின் உரிமையில் கை வைத்ததுதான். விளையாட்டுப் பிள்ளையைக் காப்பாற்றுவது அவனிடம் திருடும் எண்ணம் இல்லாததே.

நம் சட்டத்தின் வாசகம் வேறு. திருட்டு என்றால் பொருளை வைத்திருப்பவரின் சம்மதமின்றி அதை நகர்த்தியிருக்க வேண்டும். தள்ளுவண்டியில் எடுத்துப் போடக் கடையே சம்மதம் தருகிறதே என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். தவறான நம்பிக்கையில் தந்த சம்மதம், அது எதிராளிக்குத் தெரிந்திருந்தால், சம்மதமே அல்ல என்று 28-ஆம் பிரிவைக் காட்டுவார் அரசு வழக்கறிஞர். கவுண்டருக்குச் சட்டையைக் கொண்டுபோய் வைத்தபின் பிடிபட்டால் ஏமாற்ற முயன்ற குற்றமாவது நிற்கும். முயற்சிக்கு அதிகபட்சத் தண்டனையில் பாதி வரை கொடுக்கலாம். வீட்டில் பார்கோடு அச்சடித்து வந்து ஒட்டியிருந்தால் பொய் ஆவணம் புனைந்ததாக 336-உம் சேரக்கூடும்.

சீட்டைத் தொடவே இல்லை, ஆனால் கடை செய்த தவறைப் பார்த்தும் வாய் திறக்கவில்லை என்றால்? இதற்கும் இங்கிலாந்தில் 1981-இல் ஒரு வழக்கு உண்டு. ஒரு ஜோடிச் செருப்பில் ஒன்றில் 4.99 பவுண்டு, மற்றதில் 6.99 பவுண்டு. சரியான விலை கூடுதல்தான் என்று தெரிந்தும் ஒரு பெண் பேசாமல் கவுண்டரில் வைத்தார். காசாளர் குறைந்த விலையைப் போட்டார். கீழ் நீதிமன்றம் தண்டித்தது, மேல் நீதிமன்றம் விடுவித்தது. ரோஸ்கில் பிரபு பிறகு அந்த விடுதலையே தவறு என்றார். நம் 318-ஆம் பிரிவின் விளக்கம், நேர்மையற்ற எண்ணத்தோடு உண்மையை மறைப்பதும் ஏமாற்றுவதே என்கிறது. எனவே இரண்டு சீட்டு தொங்கினால் பில் போடும் முன் கேட்டுவிடுவது நல்லது.

அதே நேரம், தவறான சீட்டோடு கவுண்டருக்கு வந்தவரெல்லாம் குற்றவாளி அல்லர். குழந்தை பிய்த்திருக்கலாம், முந்தைய வாடிக்கையாளர் மாற்றியிருக்கலாம், ஊழியரே தவறாக மாட்டியிருக்கலாம். மாற்றியது இவர்தான், ஏமாற்றும் எண்ணத்தோடுதான் என்று நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. சிசிடிவி பதிவைச் சான்றாக வைக்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழும் வேண்டும்.

நடைமுறையில் ஒருவர் பிடிபட்ட பிறகும் சட்டம் மீறப்படுவதுண்டு, அதுவும் கடையின் பக்கத்தில். 'பிடிபட்டால் பத்து மடங்கு அபராதம்' என்று எழுதிவைக்கும் கடைகள் உண்டு. அபராதம் போட நீதிமன்றத்துக்கே அதிகாரம், கடைக்கு இல்லை. மிரட்டிப் பணம் வாங்கினால் மிரட்டிப் பறித்த குற்றம் கடைக்காரர்மேல் திரும்பும். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட்டால் அவதூறு வழக்கு வரலாம். காவல்துறை பெண்ணைச் சோதனையிடுவதானாலே இன்னொரு பெண்தான் செய்ய வேண்டும். கடைக் காவலாளிக்கு அந்த அதிகாரமே இல்லை. தன் கண் முன்னே பிணையில் விட முடியாத, காவல்துறை நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால் மட்டுமே தனிநபர் ஒருவரைப் பிடித்துவைக்கலாம். அப்போதும் ஆறு மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைத்தாக வேண்டும். 5,000 ரூபாய்க்குக் கீழான திருட்டு இந்த வகையில் வராது. 318(4) வரும். இதிலும் அதே முரண்.

வழக்கானாலும் எல்லா வாசலும் அடைபடுவதில்லை. சாதாரணத் திருட்டில் பொருளின் உரிமையாளரே சமரசம் செய்துகொள்ளலாம். 318(4) என்றால் நீதிமன்ற அனுமதி தேவை. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம், முன்பு தண்டனை பெறாதவரைத் திருட்டிலும் 420-இலும்கூட எச்சரித்து விட்டுவிட நடுவருக்கு இடம் தருகிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால் விவகாரம் சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலச் சட்டம், விலைச்சீட்டை மாற்றுவதைச் சில்லறைக் கடைத் திருட்டின் ஒரு வகையாகவே பெயர் சொல்லி எழுதிவைத்திருக்கிறது. அங்கே அபராதத்தைக் கட்டி முடித்தாலும் விசா ரத்தாகும் ஆபத்து நிற்கும். இங்கிலாந்தின் 2006 மோசடிச் சட்டத்தில் பத்தாண்டு வரை சிறை உண்டு. தானியங்கி பில் எந்திரத்திடம் காட்டும் பொய்யும் அதில் அடங்கும்.

கடைக்காரருக்கும் ஒரு தடை உண்டு. உறையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையை அழிப்பதையோ மாற்றுவதையோ 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகள் தடுக்கின்றன. அச்சிட்ட விலைக்கு மேல் கூடுதல் விலைச்சீட்டு ஒட்டியிருந்தால், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழுள்ள சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம்.