பழைய தையற்பொறி வாங்குவோருக்கு

யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில், விறாந்தையின் ஒரு மூலையிலே, வெளிச்சம் விழும் யன்னலோரமாகக் கால்மிதித் தையற்பொறி ஒன்று துணியால் மூடப்பட்டு நிற்பதை வாசகர்கள் கண்டிருப்பர். அதன்மேற் பழைய பத்திரிகைகளும் பூச்சாடியும் குடியேறியிருக்கும். பழைய இரும்பு வாங்க வருபவர் அதனை நிறைக்கணக்கில் விலை பேசுவார். "இனி ஆர் இதிலை தைக்கப் போகினம்?" என்று சொல்லி வீட்டுக்காரரும் கொடுத்துவிடுவர். அவ்வாறு கொடுத்தவர்களுட் சிலர், மகளுக்குத் தையல் பழக்க எண்ணிய காலத்திற் கடைக்குச் சென்று, புதிய பொறியின் விலையைக் கேட்டுத் திகைத்துத் திரும்பியதையும் நாம் அறிவோம்.

பழைய பொறியை வாங்குவதும், வீட்டிலிருப்பதைத் திருத்தி எடுப்பதும் பலர் அஞ்சுமளவுக்குக் கடினமானவையல்ல. வார்ப்பிரும்பாலாகிய உடல், கண்ணாற் கண்டு விளங்கக்கூடிய சில உறுப்புக்கள், இயக்குவதற்கு ஒருவருடைய கால். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிலே நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபொழுது, மோட்டர் பூட்டிய பொறிகள் வாளாவிருக்க, கால்மிதிப் பொறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இப்பொறியின் வரலாறு நீண்டது. ஊசியின் கூர்முனை அருகே காது வைத்து, மேல்நூலையும் கீழ்நூலையும் ஒன்றோடொன்று பூட்டித் தைக்கும் முறைக்கு எலியாஸ் ஹோ என்னும் அமெரிக்கர் 1846இல் உரிமை பெற்றார். ஐசக் சிங்கர் தமது பொறிக்கு உரிமை பெற்றது 1851இல். சிங்கர் நிறுவனம் 1877இல் இலங்கைக்கு வந்தது. தவணைமுறையிலே பொருள் விற்கும் வழக்கத்தைப் பெரிய அளவிற் பரப்பியதும் அந்நிறுவனமே. எந்திரங்களை ஐயத்தோடு நோக்கிய காந்தியடிகள்கூட 1924இல் நிகழ்ந்த ஓர் உரையாடலில், சிங்கரின் தையற்பொறிக்கு மாத்திரம் விலக்களித்தார் என்பது மாணவர்கள் அறிந்துகொள்ளத்தக்கது.

வாங்கச் செல்பவர் முதலிலே மேற்பூச்சைப் பார்த்து மயங்கவோ வெறுக்கவோ வேண்டாம். கைச்சில்லைத் தம்மை நோக்கிச் சுழற்றிப் பார்க்க வேண்டும். மெதுவாகவேனும் அது சுழன்று, ஊசித்தண்டு மேலும் கீழும் போய்வருமாயின் பாதி வேலை முடிந்தது. சிறிதும் அசையாவிடினும் உடனே கைவிடலாகாது. பெரும்பாலும் உள்ளே உறைந்திருப்பது கறளன்று, பல ஆண்டுகளாகக் காய்ந்து பசையாகிய எண்ணெய். அடுத்ததாக, துணியை நகர்த்தும் பல்வரிசையை விரலால் தடவுங்கள். தேய்ந்து மழுங்கியிருந்தால் துணி ஓடாது. இரும்புக் கால்களில் வெடிப்பு உண்டா என்றும் நோக்குங்கள். வார்ப்பிரும்பை ஒட்டவைப்பது எளிதன்று. மேசைப் பலகையைக் கறையான் அரித்திருந்தால் அது பெருங்குறையன்று. தச்சர் வேறு பலகை போட்டுத் தருவார்.

எல்லாவற்றினும் முக்கியமானது பொபின். சில பழைய பொறிகளிலே படகுபோன்ற நீண்ட சட்டிலும், அதனுள் மெல்லிய நீண்ட பொபினும் இருக்கும். அவை அழகியவை; ஆனால் அவ்வுறுப்புக்கள் தொலைந்திருந்தால் மீண்டும் தேடிப்பெறுவது அரிது. வட்டப் பொபின் கொண்ட 15ஆம் வகுப்புப் பொறியோ இரண்டாம் உலகப்போருக்குப் பின் யப்பானிலும் பின்னர் பிற நாடுகளிலும் பெருந்தொகையாகப் பின்பற்றிச் செய்யப்பட்டது. ஆகையால் அதற்குரிய பொபினும் பொபின் கூடும் இன்றும் எளிதிற் கிடைக்கின்றன. இன்றைய சாதாரண வீட்டுப் பொறியின் ஊசியே அதற்கும் பொருந்தும். நமது பரிந்துரை வட்டப் பொபினுக்கே. பொறி எக்காலத்தது என்று அறிய விரும்புவோர், அதன் அடித்தட்டிற் பொறித்த இலக்கத்தைப் பார்க்கலாம். சிங்கர் பொறிகளில் 1900ஆம் ஆண்டு முதல் எண்ணுக்கு முன்னால் எழுத்தும் சேர்க்கப்பட்டது.

விற்பவர் சிலர் பழைமையைக் காட்டிப் பெருவிலை கேட்பதுண்டு. 2009இலே சவூதி அரேபியாவில் ஒரு வதந்தி பரவியது. பழைய சிங்கர் பொறிகளிற் 'செம்பாதரசம்' என்னும் அரும்பொருள் இருக்கிறதென்று நம்பி மக்கள் பெரும்பணம் கொடுத்து அவற்றை வாங்கினர். அப்படி ஒரு பொருள் அவற்றில் இல்லவே இல்லை. கோடிக்கணக்கிற் செய்யப்பட்ட பொருள் பழைமை ஒன்றினாலே விலைமதிப்பற்றதாகிவிடாது.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் செய்யவேண்டியது எண்ணெய் நீக்கம். நம் தாய்மார் பலர் கைக்கெட்டிய தேங்காயெண்ணெயையே பொறிக்கு விட்டனர். அது நாளடைவில் தடித்துப் பசையாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். இதனைக் கரைப்பதற்கு மண்ணெண்ணெயே போதும். எண்ணெய்த் துளைகளிலும், இரும்பும் இரும்பும் உராயும் ஒவ்வோரிடத்திலும் சில துளி விட்டு, கைச்சில்லை முன்னும் பின்னும் அசைத்து, ஓரிரவு விட்டுவிடுங்கள். அசையாத பொறிக்கு மூன்று நான்கு நாள் பொறுமை வேண்டும்; சுத்தியல் வேண்டாம். அடுப்பும் விளக்கும் அருகில் இருத்தலாகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆயினும் சொல்லிவைக்கிறோம். பசை கரைந்தபின் துணியால் துடைத்து, தையற்பொறிக்கென விற்கப்படும் தெளிந்த எண்ணெயை இடத்துக்கு ஒரு துளியாக விடுக. ஊசித்தகட்டைக் கழற்றினால் அதன்கீழே பல்லாண்டுப் பஞ்சு மெத்தைபோற் படிந்திருக்கும். அதையும் தூரிகையால் நீக்கிவிடுங்கள்.

தையல் சரிவராவிடின் பழகுநர் செய்யும் தவறு ஒன்றுண்டு. துணியின் அடிப்புறத்தில் நூல் சுருள்சுருளாக நிற்பதைக் கண்டதும், கோளாறு கீழேதான் என்று கருதிப் பொபின் கூட்டின் சிறு திருகாணியைத் திருகுவர். உண்மையில் அடிப்புறத்துச் சுருளுக்குக் காரணம் பெரும்பாலும் மேல்நூல் தளர்ந்திருப்பதே. மேல்நூலைக் கழற்றி முறைப்படி மீண்டும் கோத்துப்பாருங்கள். ஊசியையும் பாருங்கள், அதன் நீண்ட பள்ளம் நூல் நுழையும் பக்கமும், தட்டைப்பக்கம் அதற்கு எதிர்ப்புறமும் இருத்தல் வேண்டும். கீழ்நூலின் இறுக்கத்தை அறிய, பொபின் கூட்டை நூலிலே தொங்கவிடுங்கள். தானாக வழுக்கி விழாமல், ஒருமுறை சுண்டினாற் சற்றே இறங்கி நிற்குமாயின் அது சரி. தோற்பட்டி தளர்ந்து வழுக்கினால், கம்பிக் கொளுவியைக் கழற்றிச் சிறிது வெட்டி மீண்டும் பூட்டினாற் போதும்.

இனி மெருகு. இவ்விடயத்திலே பிறருக்குப் புத்திகூறும் தகுதியை நாம் பிழைசெய்தே பெற்றோம்.

எமது அம்மம்மாவின் சீதனமாக வந்து தாயாரிடம் சேர்ந்தது ஒரு 15ஆம் வகுப்புப் பொறி. 1990இன் பின் குடாநாட்டுக்கு மின்சாரம் வராத காலத்தில், நாம் ஜாம் போத்தல் விளக்கிற் படித்தோம். அம்மா பகல்வெளிச்சம் உள்ளவரை அயலவரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சட்டை தைத்தார். அக்கூலியிலேதான் எமக்குக் கொப்பி வாங்கப்பட்டது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபொழுது, ஐயா பொறியின் தலைப்பகுதியை மட்டும் கழற்றிச் சேலையிற் சுற்றிச் சைக்கிள் கரியரிலே கட்டினார். அதற்கு இடம்விட எமது புத்தகப் பெட்டி வீட்டிலேயே விடப்பட்டது. சாவகச்சேரியில், உறவினர் ஒருவரின் கோடியிலே, இரவல் வாங்கிய கைப்பிடி பூட்டி அம்மா மீண்டும் தைக்கத் தொடங்கினார். 1996இல் திரும்பிவந்தபொழுது காலும் மேசையும் மழையில் நனைந்தபடி நின்றன. இழுப்பறைகள் இல்லை.

2014இல் ஒரு விடுமுறையில், அம்மா கொழும்புக்குச் சென்றிருந்த சமயம் பார்த்து, அம்மேசையைப் புதுப்பித்துவைக்க எண்ணினோம். அரக்கும் ஸ்பிரிட்டும் கொண்டு பலகைக்கு மெருகேற்றினோம்; நன்றாகவே வந்தது. அந்த மகிழ்ச்சியில், கையிலிருந்த ஸ்பிரிட் துணியாலேயே பொறியின் கரிய உடலையும் துடைத்தோம். பளபளக்கும் என்று எதிர்பார்த்தது பால்போல வெளுத்தது. துணியைப் பார்த்தால் அதிற் பொன்னிறம். பெயரின் முதல் மூன்று எழுத்துக்களும், பூங்கொடியின் ஒரு பாதியும் போய்விட்டன.

அம்மா வந்து அவ்விடத்தை விரலால் தடவிப்பார்த்தார். "பரவாயில்லை தம்பி, ஊசி சரியாய்த்தானே இறங்குது" என்றார். அன்று அவர் பொறியிலே உட்காரவில்லை.

காரணத்தைப் பின்னரே அறிந்தோம். இப்பொறிகளின் கருமை நிலக்கீல் கலந்த வாணிசைப் பூசிச் சூளையிற் சூடேற்றிப் பெற்றது. அதன்மேல் ஒட்டப்பட்டவை பொன்னெழுத்துக்கள். அவற்றைக் காப்பது மெல்லிய அரக்குப் படலம். அரக்கோ ஸ்பிரிட்டிற் கரைவது. மேசைக்கு மெருகு தந்த அதே தன்மைதான் பொறியின் எழுத்துக்களை அழித்தது. ஆகவே கரிய உடலை ஸ்பிரிட், அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான், அரத்தாள் இவற்றால் தொடவே வேண்டாம். மென்துணியிலே தையற்பொறி எண்ணெய் சில துளி விட்டு, முதலிலே கண்ணிற் படாத ஓரிடத்திற் சோதித்து, பின் மெல்லத் துடையுங்கள். எழுத்தின் மேல் அழுத்த வேண்டாம். அழுக்கு முழுவதும் போகாதுதான், போகாதிருப்பதே நன்று. சிலர் பொறிக்குப் புதிதாகக் கறுப்பு மை விசிறுகின்றனர். அது எண்ணெய்த் துளைகளை அடைத்துவிடுமாதலால் அத்தகைய பொறியை வாங்குமுன் இருமுறை யோசிப்பது நலம்.

மேசையைப் புதுப்பிப்பதில் இவ்வளவு அச்சம் வேண்டியதில்லை. தலைப்பகுதியைக் கழற்றி வேறிடத்தில் வைத்துவிட்டே தொடங்குக. பல மேசைகளில் மேலே தெரிவது மெல்லிய ஒட்டுப்பலகையாதலால், முரட்டு அரத்தாளால் தேய்த்தால் அடிமரம் வெளிப்பட்டுவிடும். மெல்லிய தாளால், மரத்தின் இழையோட்டத்தோடு மட்டும் தேய்க்க வேண்டும். 100 கிராம் செதிளரக்கை அரை லீற்றர் ஸ்பிரிட்டில் ஓரிரவு ஊறவிட்டு வடித்து, பஞ்சைப் பருத்தித் துணியிற் பொதிந்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை ஏற்றுக. ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பின்பே அடுத்தது. வடகீழ்ப் பருவமழை காலத்தில் இவ்வேலையைத் தொடங்க வேண்டாம். ஈரக்காற்றுப் பட்டால் அரக்கு வெண்மை பூத்துவிடும். தை பிறந்து வெயில் ஏறிய பின் செய்து, ஒரு வாரம் கழித்துப் பொறியைப் பூட்டுங்கள்.